கத்தலும் விம்மலும்: றொக் குரல்கள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

‘யாருடைய குரலில் உணர்ச்சி அதிகம்?’ இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் இதைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒரே மாதிரிக் கேட்டிருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறோம்.

கேள்வி: எங்கட வீட்டில ஓயாத சண்டை. எனக்கு குவீன் குழுவின் பிரெடி மேர்க்குரி. அண்ணனுக்கு லெட் செப்லினின் றொபேர்ட் பிளான்ட். தம்பிக்கு லிங்கின் பார்க்கின் செஸ்டர் பெனிங்டன். உணர்ச்சியில் யார் பெரிய ஆள் என்று நீங்களாவது சொல்லி முடித்து வையுங்கள்.
– வாசகி, காரைதீவு

பதில்: தீர்ப்புச் சொல்கிறோம், தங்கச்சி. அதற்கு முதல் மூன்று பேரையும் ஒரே தராசில் வையுங்கள்.

முதல் வில்லங்கம் சத்தம். இரண்டு பாட்டில் எது சற்று உரக்கக் கேட்கிறதோ அதுதான் நன்றாயிருக்கிறது என்று காது முடிவு கட்டிவிடும். ஒரு டெசிபல் வித்தியாசமே போதும். உரத்துக் கேட்கிறது என்று தெரியாது. ‘இதில் உயிர் இருக்கிறது’ என்று மட்டும் தோன்றும். 1970இல் வந்த லெட் செப்லின் பதிவையும் 2000இல் வந்த லிங்கின் பார்க் பதிவையும் வொல்யூமைத் தொடாமல் அடுத்தடுத்துப் போட்டால் தம்பிதான் வெல்வார். 90களுக்குப் பிறகு வந்த றொக் பதிவுகளில் பெரும்பாலானவை மெல்லிய இடத்தையும் தூக்கி உச்சத்துக்குப் பக்கத்திலேயே அழுத்தி வைத்தவை. ஸ்பொட்டிஃபையில் பாட்டுகளின் சத்தத்தைச் சமப்படுத்தும் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டு விடுங்கள். ஃபோனில் பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணையுங்கள். பேஸ் கூடினால் பாடுகிறவரின் மூச்சுச் சத்தம் மூடுண்டு போகும். நீங்கள் கேட்க வேண்டியதே அந்த மூச்சைத்தான்.

மேடைப் பதிவை மேடைப் பதிவோடும் ஸ்டூடியோவை ஸ்டூடியோவோடும் வையுங்கள். ஸ்டூடியோவில் ஒரே வரியைப் பல தரம் பாடி நல்ல துண்டுகளைச் சேர்த்து ஒட்டுவார்கள். மேடையில் அந்த வசதி கிடையாது.

பிறகு ஒவ்வொருவரிலும் 40 செக்கன் அளவுக்கு ஒரு துண்டைப் பிடித்து மூன்று தரம் கேளுங்கள். முதல் தரம், வரி எப்படித் தொடங்குகிறது என்பதை மட்டும்: வெட்டித் தொடங்குகிறதா, மூச்சோடு கசிந்து வருகிறதா, தொண்டை கரகரத்து வருகிறதா. இரண்டாம் தரம், மூச்சை எங்கே எடுக்கிறார், அதை மறைக்கிறாரா காட்டுகிறாரா. மூன்றாம் தரம், வரி எப்படி முடிகிறது: அறுகிறதா, தேய்கிறதா, கீழே வழுக்குகிறதா. முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு ‘ஆகா’ என்றால் கிட்டாரையும் டிரம்ஸையும் சேர்த்துத்தான் மெச்சுகிறீர்கள்.

இப்படிக் கேட்டால் மூவரும் மூன்று தொழில் செய்கிறார்கள் என்று விளங்கும். மேர்க்குரி சொல்லைக் கடித்துத் தொடங்குவார், முடிவை அசைத்து விடுவார். எந்த வரி எவ்வளவு உயர வேண்டும் என்று கணக்குப் பார்த்த நாடகக்காரன். பிளான்ட் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் இழுபட்டு வருவார், சொல்லை உடைத்து உடைத்துத் திருப்பிச் சொல்வார், கிட்டார் கேட்பதற்குக் குரலால் மறுமொழி கொடுப்பார். 1970இல் வந்த ‘சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ’வைக் கேட்டால் இது முழுதாகத் தெரியும். (நல்ல இயர்ஃபோன் என்றால் டிரம் பெடல் கிறீச்சிடுவதும் கேட்கும். அதைத் துடைக்காமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று.) பெனிங்டன் ஒரே வரியைச் சுத்தமான குரலில் தொடங்கிக் கிழிந்த குரலில் முடிப்பார். அந்த மாற்றம் எந்த எழுத்தில் நடக்கிறது என்பதில்தான் அவருடைய சூட்சுமம் இருக்கிறது.

தீர்ப்பு: கட்டுப்பாட்டில் மேர்க்குரி, நெஞ்சில் நேரே குத்துவதில் பெனிங்டன். பிளான்டை மூன்றாவதாகத்தான் வைப்போம். அவர் குரலை வாத்தியமாக வைத்திருக்கிறார், கேட்கக் கேட்க வியப்புத்தான் கூடுகிறது, அழுகை வருவது குறைவு. அண்ணன் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: மேர்க்குரிக்கு நான்கு ஸ்தாயி போகும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், களுதாவளை

பதில்: அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒஸ்திரிய, செக், சுவீடன் ஆய்வாளர்கள் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், கிடைத்த பதிவுகளில் தெரிந்த வீச்சு 37 அரைச் சுரங்கள். அதாவது மூன்று ஸ்தாயியும் ஒரு அரைச் சுரமும். நான்கு என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நேர்காணல்களில் அவர் சாதாரணமாகக் கதைக்கும் குரல் 117 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 117 அதிர்வு) அளவில் நின்றது. ஆர்மோனியத்தில் ஆறரைக் கட்டைக்குப் பக்கம், கீழ் ஸ்தாயியில். ஆக, இயல்பில் கனத்த குரல்காரர். பாட்டில் மேலே போய் நின்றது அவருடைய தெரிவு.

அதைவிடச் சுவையான விஷயம் அசைவு. நீட்டிப் பிடித்த சுரத்தில் அவருடைய குரல் செக்கனுக்கு ஏறக்குறைய ஏழு தரம் நடுங்கியது. பயிற்சி பெற்ற பாடகர்களுக்குப் பெரும்பாலும் ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில்தான் வரும். அவருடையது அந்த மேல் எல்லையைத் தொட்டு நிற்கும் வேகம், சீரும் குறைவு. நீங்களே எண்ணலாம்: யூரியூப்பில் வேகத்தை 0.25க்கு இறக்கி, வரி முடிவில் அவர் பிடித்து நிற்கும் இடத்தைப் போடுங்கள். நான்கு செக்கனில் ஏழு அசைவு அளவில் வரும். இதைக் கமகம் என்று மயங்க வேண்டாம். கமகம் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வேண்டுமென்றே போய்வருவது. இது ஒரே சுரத்தில் நின்றுகொண்டு நடுங்குவது.

கேள்வி: கத்துவதில் என்ன உணர்ச்சி இருக்கிறது? என் மகன் கேட்கிற பாட்டெல்லாம் ஆளை வெட்டுகிற மாதிரி இருக்கிறது. தொண்டை கெடாதா?
– ஒரு தந்தை, ஓட்டமாவடி

பதில்: வெறும் கத்தலில் ஒன்றுமில்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நல்ல பாடகர் செய்வது கத்தல் இல்லை.

நம் தொண்டையில் குரல்நாணுக்குச் சற்று மேலே இன்னொரு சோடி மடிப்பு உண்டு. அதைப் பொய்க் குரல்நாண் என்பார்கள். சாதாரணமாகப் பேசும்போது அது அதிராது. பாரம் தூக்கும்போது முக்குகிறோமே, அப்போது நெருங்கி வருவது அதுதான். றொக் பாடகர் அதைக் கொஞ்சமாக நெருக்கி, கீழேயுள்ள உண்மையான நாணோடு சேர்த்து அதிர விடுகிறார். கரகரப்பு மேல் மடிப்பில் வருகிறது, சுரம் கீழே பத்திரமாக நிற்கிறது. மேலே சொன்ன ஆய்வில் ஒரு பாடகரை மேர்க்குரி மாதிரி உறுமப் பண்ணி, செக்கனுக்கு 4000க்கும் மேற்பட்ட படம் எடுக்கும் கமராவால் தொண்டைக்குள் பார்த்தபோது இந்த இரட்டை அதிர்வுதான் தெரிந்தது. பெனிங்டன் 2007இல் ‘கிவன் அப்’ பாட்டில் ஏறக்குறைய 17 செக்கன் ஒரே மூச்சில் அலறுகிறார். வெறும் நாணை உரசிக் கத்துகிற ஆளுக்கு அவ்வளவு நேரம் தாங்குவது கடினம்.

பழுதாவது எங்கே என்றால், பழகாத பிள்ளைகள் கரகரப்பைக் கீழ் நாணிலேயே எடுக்கப் பார்ப்பதில்தான். நாண் வீங்கும், தொடர்ந்தால் காய்ப்புப் போலத் தடிப்பு விழும். மகனைக் கவனிக்க ஒரு வழி சொல்கிறோம். பாடி முடித்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகு, வாயை மூடி, மிக மெல்லிய சத்தத்தில், உயர்ந்த சுரத்தில் ‘ம்ம்’ என்று முனகச் சொல்லுங்கள். உரக்கப் பாடும்போது வீக்கம் மறைந்துவிடும், மெல்லப் பாடும்போது மறையாது. முனகல் வராமல் காற்று மட்டும் வந்தால், அல்லது தொடங்க ஒரு கணம் பிந்தினால், இரண்டு நாள் பாட்டே வேண்டாம். பாடும்போது இருமல் வந்தாலும் தொண்டை குறுகுறுத்தாலும் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

உணர்ச்சி பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்கப் பாடகி ஜெனிஸ் ஜொப்லினைக் கேளுங்கள். 1967 ஜூனில் அங்கே மொன்டரே இசை விழாவில் அவர் பாடிய ‘போல் அண்ட் செயின்’ படமாக இருக்கிறது. அவருடைய கரகரப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இராது. ஒரு சொல்லில் துணி கிழிகிற மாதிரி, அடுத்த சொல்லில் குழந்தை சிணுங்குகிற மாதிரி, பிறகு ஒன்றுமே இல்லாத வெறும் மூச்சு. ஏற்ற இறக்கம் அங்கே இருக்கிறது. மகன் கேட்கிற பாட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். நாலு நிமிடமும் ஒரே உறுமல் என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி.

கேள்வி: என் இயர்ஃபோனில் பாட்டு நன்றாகக் கேட்கிறது, பாடுகிறவரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி. அவருடைய பதிவே அப்படியா?
– வாசகர், செங்கலடி

பதில்: இயர்ஃபோன் பழுது. குரலைப் பெரும்பாலும் இடது வலது இரண்டிலும் சமமாகத்தான் பதிவார்கள். இரண்டுக்கும் பொதுவான வயர் அறுந்தாலோ ஜக் முழுதாக உள்ளே போகாவிட்டாலோ, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் காதுக்கு வரும். சமமாக உள்ள குரல் அடிபட்டுப் போய், அதன் எதிரொலி மிஞ்சும். ஜக்கை அழுத்திப் பாருங்கள், ஃபோன் துளையில் பஞ்சு தூசி அடைந்திருந்தால் மரப்பல்லுக்குச்சியால் எடுங்கள். வயரை ஜக் அடியில் வளைக்கும்போது குரல் வந்து வந்து போனால் வேறு வாங்குங்கள்.

கேள்வி: குரல் உடைவது பிழைதானே? பிழையை ஏன் கொண்டாடுகிறார்கள்?
– சங்கீதம் படிப்பிக்கும் ஒருவர், மட்டக்களப்பு

பதில்: ஆசிரியருக்கு வணக்கம். கச்சேரியில் அது பிழைதான். அங்கே ராகம் தலைவன், சாரீரம் அதற்கு வேலைக்காரன். றொக்கில் பாடுகிற ஆள்தான் தலைவன், அதனால் அவருடைய உடம்பு படும் பாடும் பாட்டில் சேர்த்தி.

எல்லா உடைவும் ஒன்றில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரோலிங் ஸ்டோன்ஸ் 1969இல் வெளியிட்ட ‘கிம்மி ஷெல்டர்’ பாட்டில் மெரி கிளேய்ற்றன் என்ற பாடகி உச்சத்தில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடும்போது குரல் பிளக்கிறது. சுரம் அப்போதும் சரியாக நிற்கிறது, மேல் தோல்தான் கிழிகிறது. ஆள் உச்சத்தை எட்டியபின் உடைந்த உடைவு அது. எட்ட முடியாமல் உடைவது வேறு. அதற்குக் கட்டையைக் குறைப்பதே மருந்து.

நேர்மாறான உதாரணம் நேர்வானா குழுவின் கேர்ட் கோபேன். 1993 நவம்பர் 18இல் நியூயோர்க்கில் பதிவான எம்டிவி அன்பிளக்ட் நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டு ஒரு பழைய நாட்டார் பாட்டு. முடிவில் ஒரு ஸ்தாயி மேலே தூக்கிக் கத்துகிறார். கடைசி வரிக்குள் திடீரென்று நின்று, கேட்கும்படி ஒரு மூச்சு எடுத்து, பிறகுதான் முடிக்கிறார். அலறலைவிட அந்த மூச்சுத்தான் ஆளை நிறுத்திப் போடுகிறது. மாணவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டி, ‘மூச்சை எங்கே எடுத்தார், ஏன் அங்கே எடுத்தார்’ என்று கேளுங்கள். கீர்த்தனைக்கும் உதவும் பாடம்.

கேள்வி: நம்மட கூத்துக்காரர் விடியவிடியப் பாடுகினம், மறுகா அடுத்த நாளும் பாடுகினம். றொக் பாடகருக்கு ரெண்டு மணித்தியாலத்தில் தொண்டை போகுது. என்ன வித்தியாசம்?
– வாசகர், வந்தாறுமூலை

பதில்: நல்ல கேள்வி. மூன்று காரணம் சொல்லலாம்.

கூத்தாடும் வட்டக்களரியில் தனியாள் ஒருவர் தொடர்ந்து பாடுவதில்லை. ஆட்டக்காரர் ஒரு வரி பாட, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். அந்த நேரம் ஆட்டக்காரருக்கு மூச்சு. றொக்கில் கோரஸ் பாட ஆள் இருந்தாலும் முன்னணிப் பாடகர் அதிலும் சேர்ந்து கத்துவார். அது வீண் வேலை.

அடுத்தது குரலின் கூர். மைக் இல்லாத காலத்துக் கூத்துக் குரல் கனமாக இராது, கூராக இருக்கும். 3000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் ஆற்றல் சேர்ந்த குரல், குறைந்த பலத்திலேயே தூரம் போகும். மனிதக் காது மிக நன்றாகக் கேட்பதும் அந்த இடத்தில்தான். மத்தளமும் சல்லரியும் சேர்ந்து அடித்தாலும் அதற்குள் ஊசி போல நுழைந்து வரும். ‘ஞே, ஞே’ என்று பகடியாக வலிப்புக் காட்டும் சத்தத்தில் அந்தக் கூர் இருக்கிறது. அதிலிருந்து மூக்கை மட்டும் விலக்கினால் கிடைப்பதுதான் பல றொக் பாடகர்களின் மேல்ஸ்தாயிக் குரல். பழைய கூத்துப் பாட்டுக்காரர் ஒருவர் நல்ல றொக் பாடகராக ஆறு மாதம் போதும், தாளம் இரண்டாம் நாலாம் அடியில் விழுவது மட்டும் பழக வேண்டும்.

மூன்றாவது, சத்தம். மத்தளம் எவ்வளவு அடித்தாலும் டிரம்ஸும் அம்பிளிஃபையரும் போடுகிற சத்தம் வராது. தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் மனிதர் அறியாமலே கூடக் கத்துவர். கெடுதல் அங்கே தொடங்குகிறது.

கேள்வி: நாங்கள் நாலு பேர் சேர்ந்து குழு வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் மேடை. மூன்று மணித்தியாலம் பழகினால் அடுத்த நாள் எனக்குக் குரலே இல்லை. சுக்குக் கோப்பி குடிக்கிறேன், சரிவரவில்லை.
– மாணவர், கல்முனை

பதில்: சுக்குக் கோப்பி குரல்நாணில் படுவதேயில்லை, தம்பி. படுமென்றால் புரைக்கேறியிருக்கும். குடிப்பது உணவுக் குழாய்க்குப் போகிறது. உடம்பு நனைந்து நாண் நனைய சில மணித்தியாலம் எடுக்கும். ஆகவே மேடைக்கு நாலு மணித்தியாலம் முந்தியே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கத் தொடங்குங்கள். நேரே நாணில் படுவது ஆவி. சுடுதண்ணி ஆவியை ஐந்து பத்து நிமிடம் வாயால் இழுக்கலாம். நம் கடற்கரைக் காற்றின் ஈரம் குரலுக்கு நல்லது. ஏசி மண்டபமும் மேடைப் புகை இயந்திரமும்தான் காய வைக்கும்.

பழகும் முறையை மாற்றுங்கள். மூன்று மணித்தியாலத்தில் நீங்கள் முழுக்குரலில் பாடுவது 40 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. கிட்டார்காரர் ஒரு இடத்தைப் பிடிக்கப் பத்துத் தரம் வாசித்தால் பத்துத் தரமும் நீங்கள் பாட வேண்டிய அவசியம் இல்லை, வாயசையுங்கள் அல்லது ஒரு ஸ்தாயி கீழே முணுமுணுங்கள். தொடங்க முன்பு ஒரு கிளாஸில் பாதித் தண்ணீர் விட்டு, ஸ்ட்ரோவின் நுனி இரண்டு மூன்று சென்ரிமீற்றர் முங்க, ஊதிக்கொண்டே கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் குரலை வழுக்க விடுங்கள். ஐந்து நிமிடம். கன்னம் உப்பாமல், குமிழி ஒரே சீராக வர வேண்டும். குமிழி நின்று நின்று வந்தால் தொண்டையை இறுக்குகிறீர்கள். முடிந்த பிறகும் இதையே மூன்று நிமிடம் செய்யுங்கள். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

கட்டையைப் பாருங்கள். மூலப் பாட்டின் சுருதியிலேயே பாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவே கிட்டாரை அரைக் கட்டை இறக்கித்தான் வைத்திருந்தார்கள். உங்கள் உச்சச் சுரத்தை நாளைக் காலையில் நித்திரையால் எழும்பி ஒரு மணித்தியாலத்தில் பாட முடியாவிட்டால், அந்தப் பாட்டை ஒரு கட்டை இறக்குங்கள். மேடையில் மிகக் கடினமான பாட்டை முதலாவதாகவோ கடைசியாகவோ வைக்காதீர்கள். மூன்றாவதோ நாலாவதோ நல்லது.

மைக்கைப் பற்றி. ஷுவர் எஸ்எம்58 மாதிரியான மைக்குக்கு முன்னால் மெல்லப் பாடும்போது வாய்க்கும் வலைக்கும் இரண்டு விரல் இடைவெளி, கத்தும்போது ஒரு சாண். கிட்டப் போனால் பேஸ் ஏறும், அது இரகசியம் சொல்வது போன்ற நெருக்கத்தைத் தரும். மைக்கின் தலையைப் பொத்திப் பிடித்தால் குரல் குழம்பும், கூவலும் (ஸ்பீக்கர் ‘கீ’ என்று கத்துவது) வரும். மொனிட்டர் ஸ்பீக்கர் (உங்கள் குரலை உங்களுக்கே கேட்க வைப்பது) மைக்கின் வாலுக்கு நேரே இருக்கட்டும். சவுண்ட்காரரிடம் எக்கோவைக் குறைக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் எக்கோ கூடினால்தான் பாட்டு என்று ஒரு நம்பிக்கை. மூச்சு, சொல் முடிவு, குரல் நடுக்கம் எல்லாவற்றையும் அது கரைத்துக் கூழாக்கிவிடும். பேச வந்த பிரமுகருக்கு வேண்டுமானால் போடட்டும்.

குரல் போய்விட்டால் குசுகுசு என்று கதைக்காதீர்கள், பலருக்கு அது இன்னும் இறுக்கும். மெல்லிய சாதாரணக் குரலில் குறைவாகக் கதையுங்கள். அஸ்பிரின் மாதிரி மாத்திரை போட்டுக்கொண்டு கத்துவது ஆபத்து, நாணில் இரத்தம் கசியும் வாய்ப்பு ஏறும். கரகரப்பு மூன்று கிழமைக்கு மேல் நின்றால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் காட்டியே ஆக வேண்டும்.

கேள்வி: தமிழில் றொக் பாடினால் ஏன் ஒட்டாத மாதிரி இருக்கிறது? மொழி மென்மை என்பதாலா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மொழியில் குறை இல்லை, எழுதுகிறவர் கணக்குப் பார்க்காததால் வருவது. ஆங்கிலத்தில் சொல்லுக்குள் ஓர் அசை அழுந்தும், அது தாளத்தின் அடியில் விழும். தமிழில் அழுத்தம் இல்லை, குறில் நெடில்தான். நீண்ட சுரத்தில் குறில் விழுந்தால் ‘கல்’ ‘கால்’ ஆகிவிடும், ‘படம்’ ‘பாடம்’ ஆகிவிடும். கேட்கிறவருக்கு எங்கேயோ இடறும், ஏன் என்று தெரியாது. நீட்டப் போகிற இடங்களை முதலில் குறித்துக்கொண்டு அங்கே நெடில் வரும் சொல்லைத் தேடுங்கள்.

அடுத்தது, உச்சத்தில் கத்தப் போகும் சொல்லில் ஆ, ஏ, ஓ இருக்க வேண்டும். ஈயும் ஊவும் வாயைச் சுருக்கும், மேல்ஸ்தாயியில் நெருக்கிப் பிடிக்கும். தவிர்க்க முடியாவிட்டால் ஈயை ஏ பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பாடுங்கள், காது அதை ஈ என்றே ஏற்றுக்கொள்ளும். ம், ன், ல் என்று முடியும் சொற்களில் உயிரிலேயே நின்று, மெய்யைக் கடைசிக் கணத்தில் மூடுங்கள். ‘வானம்ம்ம்’ என்று ‘ம்’மில் நீட்டினால் வாய் மூடுண்டு உணர்ச்சி மூக்கால் போய்விடும்.

கேள்வி: எனக்கு இங்கிலீஸ் விளங்காது. சொல் விளங்காமல் உணர்ச்சியைக் கேட்டதாகச் சொல்லலாமா?
– வாசகி, திருக்கோவில்

பதில்: தாராளமாக. கிரான்பெரீஸ் குழுவின் டொலோரஸ் ஓறியோர்டன் 1994இல் பாடிய ‘ஸொம்பி’யைப் போட்டுக் கேளுங்கள். கோரஸில் அவர் குரல் நெஞ்சிலிருந்து தலைக்குத் ‘டக்’கென்று தாவி, திரும்ப விழும். ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று தரம். ஒப்பாரியில் ‘ஐயோ’வின் நடுவில் குரல் தெறிக்குமே, அதே தாவல்தான். அயர்லாந்திலும் செத்த வீட்டில் பெண்கள் ஒப்பாரி வைக்கும் வழக்கம் முன்பு இருந்தது. கேட்டு முடித்த பிறகு இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் வொறிங்டன் நகரில் வெடித்த குண்டில் இரண்டு பிள்ளைகள் செத்தார்கள், பாட்டு அதைப் பற்றியது. உங்கள் காது முன்பே ஊகித்திருக்கும்.

கேள்வி: டேவிட் போவியின் ‘ஹீரோஸ்’ பாட்டில் குரல் முதலில் பக்கத்தில் இருக்கிறது, பிறகு பெரிய மண்டபத்தில் நின்று கூப்பிடுகிற மாதிரி ஆகிறது. எப்படிச் செய்தார்கள்?
– வாசகர், அறுகம்பை

பதில்: பேர்லின் ஹன்ஸா ஸ்டூடியோ, 1977. தயாரிப்பாளர் டொனி விஸ்கொன்டி மூன்று மைக் வைத்தார். ஒன்று வாயிலிருந்து ஏறக்குறைய 9 அங்குலம், அடுத்தது 20 அடி, மற்றது 50 அடி. தூரத்து இரண்டுக்கும் பூட்டுப் போல ஒரு கருவி. குரல் குறித்த அளவு உரத்தால்தான் அவை திறக்கும். மெல்லப் பாடும்வரை கிட்ட உள்ளது மட்டும். உரக்க உரக்க மண்டபம் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும். பிற்பாதியில் போவி கத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தூரத்து மைக் திறக்காது. கருவியே பாடகரிடமிருந்து உணர்ச்சியைக் கறந்து எடுத்தது என்றும் சொல்லலாம்.

வீட்டில் செய்து பார்க்க இரண்டு ஃபோன் போதும். பாடசாலை மண்டபத்தில் ஒன்றை ஒரு முழத்திலும் மற்றதைக் கடைசி வாங்கிலிலும் வைத்துப் பதியுங்கள். தொடக்கத்தில் ஒரு கைதட்டுத் தட்டினால் பிறகு இரண்டையும் நேராக்க இலேசு.

கேள்வி: ஒட்டோ டியூன் உணர்ச்சியைக் கொல்லுமா?
– வாசகர், ஏறாவூர்

பதில்: தவறிய சுரத்தைச் சரியான சுரத்துக்கு இழுத்துப் பூட்டும் கருவி அது. வேகமாகப் பூட்டினால் கொல்லும். பிளான்டின் வழுக்கல், ஜொப்லினின் சுரத்துக்குக் கீழிருந்து ஏறும் ஏற்றம் எல்லாம் சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையில் நடப்பவை. அந்தக் கருவி இடைவெளியைத்தான் துடைக்கிறது. திருத்தும் வேகத்தைக் குறைத்து, தவறிய இரண்டொரு சுரத்தில் மட்டும் போட்டால் யாருக்கும் தெரியாது.

கேள்வி: ஒரே ஒரு பாட்டுச் சொல்லுங்கள், அதிலிருந்து தொடங்குகிறேன்.
– வாசகி, வாழைச்சேனை

பதில்: ஜெனிஸ் ஜொப்லினின் ‘மேர்சிடஸ் பென்ஸ்’. 1970 ஒக்ரோபர் 1ஆம் திகதி பதிவு, மூன்று நாளில் அவர் இறந்துவிட்டார், வயது 27. கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை, காலால் தட்டும் தாளமும் குரலும் மட்டும். இரண்டு நிமிடம்கூட வராது. கண்ணீர்ப் பாட்டும் இல்லை, பகிடிப் பாட்டு. முதல் தரம் சும்மா கேளுங்கள், இரண்டாம் தரம் வரி முடிவுகளைக் கேளுங்கள். முடிந்ததும் ஒரு சிரிப்பு வரும், அதற்கு முதல் நிறுத்திவிடாதீர்கள்.